நகரப் பாஸும் பயணியின் கணக்கும்

ஒரு நகரத்தின் அருங்காட்சியகங்கள், அரண்மனைகள், கோபுரங்கள், படகுச் சவாரிகள் முதலியவற்றுள் பலவற்றுக்கும், சில ஊர்களில் பேருந்து, ரயில் பயணத்துக்கும் சேர்த்து, ஒரே விலையில் விற்கப்படும் அனுமதிச் சீட்டே நகரப் பாஸ் எனப்படுகிறது. பாரிஸ் மியூசியம் பாஸ், ஐ ஆம்ஸ்டர்டாம் சிட்டி கார்டு, ரோமா பாஸ், லண்டன் பாஸ் என்று பெயர்கள் பலவானாலும், இவற்றின் முன் நிற்கும் பயணியின் கேள்வி ஒன்றே: வாங்கினால் போட்ட காசு திரும்புமா? பாஸில் அடங்கிய இடங்களின் தனித்தனிக் கட்டணங்களைக் கூட்டி, கூட்டுத்தொகை பாஸின் விலையைத் தாண்டினால் வாங்கலாம், தாண்டாவிட்டால் விட்டுவிடலாம் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை. கூட்டல் சரிதான், எந்த எண்களைக் கூட்டுவது என்பதில்தான் பிழை நேர்கிறது. பாஸ் என்ற ஒன்றே இல்லாதிருந்தால் அந்தப் பயணி எந்தெந்த வாசலில் எவ்வளவு கட்டியிருப்பார் என்பதே ஒப்பிடத்தக்க தொகை. கையில் பாஸ் இருக்கிறதே என்பதற்காக மட்டும் அவர் எட்டிப் பார்க்கப்போகும் ஓர் இடத்தின் கட்டணத்தை அந்தக் கூட்டலில் சேர்க்க நியாயமில்லை. இவ்வகையில் நோக்கினால், பாஸ் வாங்குவதைக் கட்டணச் சலுகை பெறுவதாகக் கொள்வதைவிட, பயணி தன் பயணத் திட்டத்தின்மீது தானே கட்டும் பந்தயமாகக் கொள்வதே பொருந்தும். ஊரைக் காண்பதற்கு முன்பே, மழையும் கால்வலியும் மூடிய கதவுகளும் கணக்கில் வராத நிலையில், இத்தனை மணி நேரத்தில் இத்தனை இடங்களைப் பார்த்துவிட முடியும் என்று அவர் பணம் வைக்கிறார். எதிர்ப்பக்கத்தில் இருக்கும் விற்பனையாளருக்கோ முன்பு வந்த ஆயிரக்கணக்கானோர் சராசரியாக எத்தனை இடங்களைப் பார்த்தார்கள் என்பது பதிவேட்டிலேயே இருக்கிறது.

பாஸ்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல. முதல் வகை நேரத்தை அளவாகக் கொண்டது. 24, 48, 72 மணி என்று வரையறுத்த காலத்துக்குள் எத்தனை இடங்களுக்கும் செல்ல அது இடம் தரும். இரண்டாம் வகை எண்ணிக்கையை அளவாகக் கொண்டது. மூன்று அல்லது ஐந்து இடங்கள் என்று தேர்ந்தெடுத்துச் சில நாள்களோ வாரங்களோ தாராளமாகப் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்க நகரங்களில் 1997 முதல் விற்கப்பட்டுவரும் சிட்டிபாஸ் இவ்வகையைச் சேர்ந்தது. மூன்றாம் வகையில் போக்குவரத்து முழுமையாக அடங்கும், நுழைவுக் கட்டணத்தில் தள்ளுபடி மட்டும் கிடைக்கும். பெர்லினின் வெல்கம் கார்டு இதற்கு எடுத்துக்காட்டு. ரோமா பாஸ் இவற்றின் கலப்பு: 48 மணிச் சீட்டில் முதல் ஓர் இடமும், 72 மணிச் சீட்டில் முதல் இரண்டு இடங்களும் இலவசம், அதன்பின் வருபவற்றுக்குக் குறைந்த கட்டணம், இடையே நகரப் போக்குவரத்து. இத்தகைய சீட்டில் எந்த இடத்தை முதலில் பார்க்கிறோம் என்ற வரிசையே லாபத்தைத் தீர்மானிக்கும் என்பதால், விலை மிக்க வாசலை முதலில் கடப்பவருக்கும் வழியில் தென்பட்ட சிறு கூடத்தில் இலவச உரிமையைச் செலவிட்டுவிடுபவருக்கும் ஒரே பாஸ் இரு வேறு மதிப்புடையதாகிவிடுகிறது.

இப்படிக் கட்டாகக் கட்டி விற்பதைப் பொருளியலார் தொகுப்பு விற்பனை என்பர். ஜார்ஜ் ஸ்டிக்லர் 1963-இல் இதை ஆராய்ந்தபோது அவர் முன் இருந்தவை அருங்காட்சியகங்கள் அல்ல, தொலைக்காட்சி நிலையங்களுக்கு நல்ல படத்தோடு மட்டமான படத்தையும் சேர்த்துத் தலையில் கட்டிய திரைப்பட நிறுவனங்களே. ஆதம்ஸ், யெல்லன் என்ற இருவர் 1976-இல் அக்கருத்தை விரித்தெழுதினர். அதன் சாரத்தை ஒரு சிறு கற்பனைக் கணக்கில் காட்டலாம். ஓவிய ஆர்வலர் ஒருவர் அருங்காட்சியகத்துக்கு 20 யூரோ வரை தரத் தயார், கோபுரத்துக்கு 8 யூரோவுக்கு மேல் தரமாட்டார். அவருடன் வந்தவருக்கு நேர்மாறான விருப்பம். தனித்தனியாக 20 யூரோவுக்கு விற்றால் ஒவ்வொரு வாசலிலும் ஒருவர்தான் நுழைவார், வரவு 40. இருவரும் நுழையட்டும் என்று 8 யூரோவாக்கினால் நான்கு சீட்டு விற்று வரவு 32. இரண்டையும் சேர்த்து 28 யூரோவுக்கு ஒரே சீட்டாக விற்றாலோ இருவரும் வாங்குவர், வரவு 56 ஆகும். ஏமாற்று எதுவும் இதில் இல்லை. இருவருமே தாம் தரத் தயாராக இருந்த தொகைக்கு மேல் ஒரு காசும் தரவில்லை. ஆயினும் தனியாக வாங்கியிருந்தால் அவர்கள் கையில் மிஞ்சியிருக்கக்கூடியதை விற்பனையாளர் துடைத்தெடுத்துவிட்டார் என்பதும், ஓவிய ஆர்வலர் ஏறிய கோபுரம் அவருக்கு 8 யூரோ மட்டுமே பெறும் என்பதும் கவனிக்கத்தக்கவை. அந்தக் கோபுரத்தின் வாசலில் எழுதியிருக்கும் 20 யூரோவை அவர் லாபக் கணக்கில் எழுதிக்கொள்ளும்போது கணக்கு பொய்யாகத் தொடங்குகிறது.

தமிழ்நாட்டு உணவகங்களில் அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என்று இரு விலை இருப்பதைப் போன்றதே இது. முழுச் சாப்பாட்டின் விலையை உணவகக்காரர் நிர்ணயிப்பது பெருந்தீனிக்காரரை நினைத்தன்று. இரண்டாம் முறை சாதம் கேட்டுவிட்டு மோருக்கு வருமுன் கையெடுத்துவிடும் சராசரி ஆளை நினைத்தே. நேர அளவுப் பாஸிலும் பயன்படாமல் போகும் பகுதி விலையிலேயே முன்கூட்டிக் கணிக்கப்பட்டிருக்கிறது. தனியார் நிறுவனங்கள் நடத்தும் பாஸ்களில், பயணி வாசலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக்கு ஒரு தொகை தரப்பட வேண்டியிருப்பதால், பயணி போகாமல் விட்ட இடமே நிறுவனத்தின் வருமானம். நகரச் சுற்றுலா அமைப்போ அருங்காட்சியகங்களின் கூட்டமைப்போ நடத்தும் பாஸ்களில் நோக்கம் சற்று வேறானது என்றாலும், விலை நிர்ணயத்தின் அடிப்படை மாறுவதில்லை.

பாரிஸை எடுத்துக்கொண்டு இதை எண்களால் சோதித்துப் பார்க்கலாம். 2024-ஆம் ஆண்டின் விலைகள் இச்சோதனைக்கு ஏற்றவை, ஏனெனில் அவ்வாண்டுத் தொடக்கத்தில் லூவ்ரும் பாஸும் ஒருசேர விலை ஏறின. எண்கள் பின்னர் மாறிவிட்டாலும் அவற்றுக்கு இடையிலான உறவு விளக்கமாகத் தெரிகிறது. அப்போது பாரிஸ் மியூசியம் பாஸின் விலை 48 மணிக்கு 62 யூரோ, 96 மணிக்கு 77, 144 மணிக்கு 92. தனி நுழைவுக் கட்டணங்களாக லூவ்ர் 22, ஓர்சே அருங்காட்சியகம் 16, சாந்த் ஷப்பெல் தேவாலயம் 13, வெற்றி வளைவின் உச்சி 16 யூரோ. இந்நான்கும் சேர்ந்து 67. ஆக, இரண்டு நாளில் இந்நான்கையும் பார்க்கத் திட்டமிட்டிருந்தவருக்கு மிச்சம் 5 யூரோ. நான்கில் எந்த ஒன்று தவறினாலும் 8 முதல் 17 யூரோ வரை நஷ்டம். தனிச்சீட்டு வாங்குபவருக்கு ஒரு நாள் உடல்நலம் கெட்டால் அன்றைய சீட்டு மட்டுமே போகும் என்பதையும், வாங்காத சீட்டுக்கு நஷ்டமே இல்லை என்பதையும் நினைத்தால், 5 யூரோ மிச்சத்துக்காக அவ்வளவு பணத்தைப் பந்தயம் வைப்பது புத்திசாலித்தனமாகப் படவில்லை.

நான்கு நாள் சீட்டின் நிலை இதற்கு மாறானது. மேற்கண்ட நான்கோடு வெர்சாய் அரண்மனை 21, ஒரான்ஜெரி 12.50, பாந்தியோன் 13 ஆகியவற்றைச் சேர்த்தால் ஏழு இடங்களுக்கு 113.50 யூரோ ஆகிறது. பாஸின் விலை 77 என்பதால் மிச்சம் 36.50. ஓர் இடமோ, அவற்றுள் சிறியவற்றில் இரண்டோ தவறினாலும் பாஸ் தோற்பதில்லை. விலைப் பட்டியலின் அமைப்பே இதற்குக் காரணம். முதல் இரண்டு நாளுக்கு 62 யூரோ வாங்கும் பாஸ், அடுத்த இரண்டு நாளுக்கு 15 யூரோவும், அதற்கடுத்த இரண்டு நாளுக்கு மேலும் 15 யூரோவுமே கூட்டுகிறது. நாள் ஒன்றுக்கு 31 யூரோவில் தொடங்கி 15 யூரோவுக்குச் சற்று மேல் வந்து நிற்கும் இச்சரிவில், மிகக் குறைந்த நேரம் உள்ளவரே மிக அதிக விலை தருகிறார். அவசரக்காரரிடம் கூடுதலாக வாங்குவது வணிகத்தின் பழைய வழக்கம்தான். ஆனால் இரண்டு நாளில் பாரிஸைப் பார்த்துவிட வரும் பயணியே பாஸ் தனக்காகவே செய்யப்பட்டது என்று நம்பி வாங்குகிறார் என்பதில் ஒரு முரண் இருக்கிறது. ஐஃபல் கோபுரம் இப்பாஸில் அடங்காது என்பதையும், அதற்கென ஒதுக்கும் அரை நாளிலும் பாஸின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதையும் அவர் பெரும்பாலும் பாரிஸ் வந்து சேர்ந்த பிறகே உணர்கிறார்.

கூட்டலில் பிழை நேரும் இன்னோர் இடம், இலவசமாகக் கிடைப்பதற்கும் விலை போட்டு எழுதிவிடுவது. பிரான்சின் தேசிய அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குக் குறைந்தவர் எந்நாட்டவரானாலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ இரண்டு பிள்ளைகளுடன் செல்லும் தம்பதியர் தலைக்கு ஒன்றாக நான்கு பாஸ் வாங்கினால், அவற்றுள் இரண்டு வாங்கிய நொடியிலேயே வீண். பாரிஸ் மாநகராட்சிக்குச் சொந்தமான கார்னவாலே, பெத்தி பலே போன்ற அருங்காட்சியகங்களின் நிரந்தரச் சேகரிப்பை எல்லோரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஓர்சேயும் ஒரான்ஜெரியும் ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையும் இலவசம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வாழும் 26 வயதுக்குட்பட்ட இளைஞருக்குத் தேசிய அருங்காட்சியகங்களே இலவசம் என்பதால், ஜெர்மனியில் படிக்கும் தமிழ் மாணவர் ஒருவர் தம்மைக் காண வந்த பெற்றோருடன் பாரிஸுக்குச் செல்லும்போது, பாஸ் தேவைப்படக்கூடியது பெற்றோருக்கு மட்டுமே. மறுபுறம், 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு லூவ்ரின் கட்டணம் 32 யூரோவாக உயர்ந்துள்ளது. ஒரே வாசலில் ஒரே நாளில் இரு பயணிகள் இரு வேறு தொகை கட்டும்போது, பாஸ் லாபமா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான விடை இருக்க வாய்ப்பில்லை.

லண்டனில் இந்த நிலை இன்னும் கூர்மையானது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம், தேசிய ஓவியக்கூடம், டேட் மாடர்ன், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகியவற்றின் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணமே இல்லை. இடையில் சில காலம் கட்டணம் வாங்கிவந்த தேசிய அருங்காட்சியகங்களும் 2001-ஆம் ஆண்டின் இறுதியில் அதைக் கைவிட்டன. எனவே அந்நகரில் விற்கப்படும் எந்தப் பாஸும் லண்டன் கோட்டை, புனித பவுல் பேராலயம் போன்ற கட்டண இடங்களைச் சுற்றியே அமைய வேண்டியதாகிறது. அமராவதிச் சிற்பங்களையும் ரொசெட்டாக் கல்லையும் டர்னரின் ஓவியங்களையும் காண வருபவருக்கு அது ஒரு பொருட்டே அன்று. பாஸ் வாங்கிய பயணி கட்டண இடங்களை முதலில் முடித்துவிட வேண்டும் என்ற நெருக்கடியில் இலவச இடங்களைப் பின்னுக்குத் தள்ளி, இறுதியில் நகரத்தின் மிகச் சிறந்தவற்றைப் பார்க்காமலே திரும்பக்கூடும் என்பது இதன் பக்க விளைவு. பாஸில் அடங்கிய இடங்களும் நிலையானவை அல்ல. ஆம்ஸ்டர்டாம் அட்டையில் ஒருகாலத்தில் இடம்பெற்றிருந்த வான் கோ அருங்காட்சியகம் இப்போது அதில் இல்லை. ரோமா பாஸ் வத்திக்கான் அருங்காட்சியகங்களுக்குச் செல்லாது, ஏனெனில் அவை வேறொரு நாட்டில் இருக்கின்றன என்பதைப் பலர் வாசலில்தான் அறிகிறார்கள்.

பணத்தைவிட நேரமே பாஸின் உண்மையான நாணயம். 48 மணி என்பது பெரும்பாலான ஊர்களில் முதல் நுழைவிலிருந்து இடைவிடாமல் ஓடும் 48 மணி. அதில் இரவுகளும் அடக்கம். அருங்காட்சியகங்கள் காலை ஒன்பது, பத்து மணிக்குத் திறந்து மாலை ஆறு மணிக்கு மூடுகின்றன என்று கொண்டால், கையில் நிற்பது பதினாறு, பதினெட்டு மணி நேரமே. முதல் நாள் பிற்பகல் இரண்டு மணிக்குப் பாஸைத் தொடங்குபவருக்கு மூன்று நாள்களில் பகிர்ந்து பயன்படுத்த வழி கிடைக்கிறது என்பதால், எப்போது தொடங்குவது என்பதும் ஒரு கலையே. லூவ்ர் செவ்வாய்க்கிழமைகளிலும், ஓர்சேயும் வெர்சாயும் திங்கட்கிழமைகளிலும் மூடியிருக்கும். திங்கள் காலையில் தொடங்கும் இரண்டு நாள் பாஸின் நிலையை நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வரிசையில் நிற்காமல் நுழையலாம் என்பது முன்பு பாஸ்களின் பெரிய கவர்ச்சியாக இருந்தது. சீட்டு வாங்கும் வரிசை ஒன்று, பாதுகாப்புச் சோதனை வரிசை ஒன்று என்று இரண்டு இருந்த காலத்தில் முதலாவதைத் தவிர்ப்பது உண்மையிலேயே ஒரு மணி நேரத்தை மீட்டுத் தந்தது. இன்று நேர ஒதுக்கீட்டு முறை பரவிவிட்டது. இன்ன நாள் இன்ன நேரம் என்று முன்பதிவு செய்தவரே நுழைய முடியும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 30,000 பேர் என்று வருகையை வரையறுத்துள்ள லூவ்ர், பாஸ் வைத்திருப்பவரும் நேரம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. சாந்த் ஷப்பெல், வெர்சாய், ரோமின் கொலோசியம் ஆகியவற்றிலும் இதுவே விதி. தனிச்சீட்டை இணையத்தில் வாங்குபவரும் சீட்டு வரிசையில் நிற்பதில்லை என்பதால் பாஸின் இந்தச் சிறப்பு ஏறக்குறையக் கரைந்துவிட்டது. நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போகலாம் என்று விற்கப்பட்ட பொருள், ஒவ்வொரு வாசலுக்கும் தனித்தனியே நேரம் பிடித்துக்கொண்டு வரவேண்டிய பொருளாகிவிட்டது. முதலில் நேர ஒதுக்கீடு கிடைக்கிறதா என்று பார்த்து, அது கிடைத்த பிறகே பாஸ் வாங்குவது என்ற தலைகீழ் வரிசைதான் இன்று நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

இனி மனத்தின் பங்கு. ஒவ்வொரு முறையும் பணம் எடுத்துக் கொடுப்பதைவிட ஒரே முறையில் கொடுத்துவிட்டு மறந்துவிடுவதை மனிதர் விரும்புகின்றனர் என்பதும், அவ்விருப்பத்துக்காகக் கூடுதல் விலை தரவும் தயங்குவதில்லை என்பதும் பலமுறை ஆராயப்பட்ட செய்திகள். அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களைப் பற்றி டெல்லாவிக்னா, மால்மெண்டியர் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 70 டாலருக்கு மேற்பட்ட மாதக் கட்டணம் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 முறையே வந்தனர்; ஒரு வருகைக்கு அவர்கள் தந்தது 17 டாலருக்கு மேல், அதே கூடத்தில் பத்து முறைச் சீட்டு வாங்கியிருந்தால் ஆகியிருக்கக்கூடியது 10 டாலர். அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். நாளைய தம்மைப் பற்றி இன்று கொண்ட நம்பிக்கை மிகுதியாக இருந்தது, அவ்வளவே. பயணத்துக்கு முன் மேசையில் அமர்ந்து ஒரு நாளுக்கு நான்கு இடங்கள் என்று எழுதும் கையும் அத்தகைய நம்பிக்கையுடையதுதான்.

வாங்கிய பின் வேறொரு விசை வேலை செய்கிறது. திரும்ப வராத செலவை எண்ணியே மேற்கொண்டு முடிவெடுப்பதை மூழ்கிய செலவின் பிழை என்பர். ஆர்க்ஸ், புளூமர் இருவரும் 1985-இல் வெளியிட்ட சோதனையில், பல்கலைக்கழக நாடக அரங்கொன்றின் பருவச் சீட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், யாரும் எதிர்பாராத வகையில் தள்ளுபடி பெற்றவர்களைவிட, பருவத்தின் முற்பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தனர். பாஸ் வாங்கியவர் மாலை ஐந்து மணிக்கு ஆறாவது கூடத்துக்கு ஓடுவதும் இதனாலேயே. ஓட்டத்துக்கு உடலின் எல்லை உண்டு. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், குனிந்தும் எம்பியும் பொருள்களைப் பார்ப்பதால் வரும் தளர்ச்சிக்கு அருங்காட்சியகச் சோர்வு என்று பெயரிட்டுப் புகைப்படங்களோடு விளக்கினார். ஒரு நாளின் முதல் இரண்டு மணி நேரத்தில் கண்ட ஓவியமும் ஏழாவது மணியில் கண்ட ஓவியமும் ஒரே விலை பெறா. பாஸின் கூட்டலோ இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறது.

ஆனால் இதே மன இயல்புக்கு மறுபக்கமும் உண்டு, பாஸுக்கு ஆதரவாகச் சொல்லத்தக்கவற்றுள் மிக வலுவானது அதுவே. சோமன், கூர்வில் ஆகியோர் 2001-இல் காட்டியதுபோல, பனிச்சறுக்குக்கு நான்கு தனிச்சீட்டு வைத்திருப்பவரைவிட நான்கு நாள் பாஸ் வைத்திருப்பவர் கடைசி நாளில் மழை பெய்தால் எளிதில் விட்டுவிடுகிறார். எந்தப் பணம் எந்த நாளுக்கு என்ற முடிச்சு அங்கே தளர்ந்துவிடுகிறது. நகரப் பாஸில் இத்தளர்வு ஒரு விடுதலையாகவும் அமையும். 22 யூரோ கொடுத்து நுழைந்தவர் பிடிக்காவிட்டாலும் மூன்று மணி நேரம் சுற்றுவார். பாஸ் வைத்திருப்பவர் ஒரான்ஜெரிக்குள் போய் மோனேயின் அல்லிக் குளங்களின் முன் இருபது நிமிடம் அமர்ந்துவிட்டு, வேறெதையும் பாராமல் வெளியே வரலாம். தனியாகக் கட்டணம் கட்டி யாரும் போகத் துணியாத சிறு அருங்காட்சியகத்தில் அவர் நுழைந்து பார்ப்பதும், பிடித்தால் நிற்பதும் நிகழ்கின்றன. இந்தச் சுதந்திரத்துக்கு விலையுண்டு, ஆனால் அது நான்கு நாள், ஆறு நாள் பாஸ்களில் மட்டுமே உண்மையாகக் கிடைக்கிறது. இரண்டு நாள் பாஸில் கடிகாரம் அதை அனுமதிப்பதில்லை.

போக்குவரத்துப் பாஸ்களைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, அவற்றின் கணக்கு எளியது. சென்னை மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் மாதச் சீட்டை வாங்குபவர் தம் அன்றாட வழியை அறிந்தவர். ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்குவார் என்பது அவருக்குத் தெரியும். சுற்றுலாப் பயணிக்கு அது தெரியாது. சிங்கப்பூரில் ஒரு நாள் சுற்றுலாப் பாஸ் 17 வெள்ளி என்ற விலையிலும், பெருவிரைவு ரயிலில் ஒரு முறை செல்ல ஒன்றரை முதல் இரண்டரை வெள்ளி என்ற கட்டணத்திலும் பார்த்தால், லிட்டில் இந்தியாவில் தங்கி மரினா பே, சாங்கி என்று சுற்றுபவர் பாஸின் விலையை எட்ட ஏழு முதல் பன்னிரண்டு முறை ரயில் ஏற வேண்டும். பழைய வாய்ப்பாட்டை நம்பி இருப்பதன் ஆபத்துக்கு ஜப்பான் ரயில் பாஸ் சான்று. ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தபோது, தோக்கியோவிலிருந்து கியோத்தோ போய்த் திரும்பவே ஏறத்தாழ 28,000 யென் ஆகும் என்பதால், வாங்குவதா என்று யோசிப்பதே வீண் என்று பயண நூல்கள் எழுதின. 2023 அக்டோபரில் அதன் விலை 50,000 யென்னானதும் அந்த அறிவுரை ஒரே இரவில் செல்லாக்காசாகிவிட்டது.

தேர்வுக்கே இடமில்லாத பாஸ்களும் உண்டு. கம்போடியாவின் அங்கோர் கோயில்களுக்குத் தனித்தனிச் சீட்டு என்பதே இல்லை; 2017 முதல் ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72 என்று பாஸ் மட்டுமே. மூன்று நாள் பாஸைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும், ஏழு நாள் பாஸை ஒரு மாதத்துக்குள் எந்த ஏழு நாளிலும் பயன்படுத்தலாம். நாள்களை இடைவிட்டுக் கழிக்க அனுமதிப்பது சோர்வையும் மழையையும் கணக்கில் கொண்ட ஏற்பாடு. ஐரோப்பிய மணிக்கணக்குப் பாஸ்கள் இதிலிருந்து கற்கலாம். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் தொல்லியல் துறை ஒரே சீட்டாகத் தரும் அனுமதியும் இவ்வகைதான். இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் என்ற இடைவெளியில், ரதங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் வெளிநாட்டுப் பயணியும் பாராத கோயிலுக்கும் சேர்த்தே தருகிறார். இத்தகைய இடங்களில் லாபமா என்ற கேள்வி எழாது, போவதா வேண்டாமா என்ற கேள்வியே எழும்.

நகரங்கள் ஏன் பாஸ் விற்கின்றன என்பதற்கு வருவாய் மட்டும் காரணமல்ல. நெரிசலைப் பரப்புவதும் ஒரு நோக்கம். ஆம்ஸ்டர்டாமின் அட்டையில் ஹார்லெம் நகரின் ஃபிரான்ஸ் ஹால்ஸ் அருங்காட்சியகமும் சான்ஸே ஸ்கான்ஸின் காற்றாலைகளும் இடம்பெற்றது, கால்வாய்க் கரைகளில் முட்டிமோதும் கூட்டத்தில் சிலரையாவது வெளியே இழுக்கத்தான். அதே நாட்டில் குடிமக்களுக்கென விற்கப்படும் ஆண்டு அருங்காட்சியக அட்டையைப் பயணிகளும் வாங்கிப் பயனடைந்தபோது, அந்நாட்டில் வசிக்காதவருக்கு அது 31 நாள், ஐந்து வருகைகள் என்று சுருக்கப்பட்டது. அளவுக்கு மீறி லாபம் தரும் பாஸ் நீண்ட நாள் அப்படியே இராது என்பதற்கு அது சான்று. ஃபுளோரன்ஸின் 72 மணி அட்டை 2011-இல் 50 யூரோவில் தொடங்கி 85 யூரோவுக்கு உயர்ந்ததும் இப்போக்கில் சேரும். 2018 முதல் உஃபிட்ஸி ஓவியக்கூடம் கோடையில் 20 யூரோவும் குளிர்காலத்தில் 12 யூரோவும் வாங்கியபோது அட்டையின் விலை பருவத்துக்கேற்ப மாறவில்லை என்பதால், ஜூலையில் ஓரளவு நியாயமாக இருந்த அதே அட்டை ஜனவரியில் வெறும் ஆடம்பரமாயிற்று. பாசெல், ஜெனீவா போன்ற சுவிஸ் நகரங்கள் வேறு வழியில் சென்றன. தங்கும் விடுதியில் வசூலிக்கும் வரியிலிருந்து செலவைத் தேற்றிக்கொண்டு, அறை எடுத்த ஒவ்வொருவருக்கும் உள்ளூர்ப் போக்குவரத்து அட்டையை இலவசமாகவே தருகின்றன. அங்கே வேறு போக்குவரத்துப் பாஸ் வாங்குபவர் ஒரே பேருந்துக்கு இரு முறை கட்டுகிறார்.

லண்டனின் போக்குவரத்துத் துறை இன்னும் ஒரு படி சென்றது. ஆய்ஸ்டர் அட்டையில் 2005 முதலும், பின்னர் சாதாரண வங்கி அட்டையிலும், ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் குறித்த தொகைக்கு மேல் பிடிக்கப்படாது என்ற உச்சவரம்பு வந்தது. பயணி காலையில் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. இரண்டு முறை சென்றால் இரண்டின் கட்டணம், பத்து முறை சென்றால் பாஸின் கட்டணம் என்று இரவில் இயந்திரமே கணக்கை முடித்துவிடுகிறது. திட்டம் தவறுவதால் வரும் நஷ்டத்தைப் பயணியின் தோளிலிருந்து நகரம் வாங்கிக்கொண்டதே இம்மாற்றத்தின் உட்பொருள். அருங்காட்சியகங்களுக்கும் இதைச் செய்யத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. ஆனால் பேருந்தும் சுரங்க ரயிலும் ஒரே கருவூலத்தைச் சேர்ந்தவை. லூவ்ருக்கும் வெற்றி வளைவுக்கும் வெர்சாய்க்கும் நிர்வாகங்கள் வேறு, கணக்கேடுகள் வேறு. யாருடைய பங்கில் எவ்வளவு குறைப்பது என்பதை நாள் முடிந்த பிறகு பேசித் தீர்க்க அவை முன்வராதவரை, அந்தக் கணக்கை நாள் தொடங்குமுன் பயணியே போட்டாக வேண்டியிருக்கிறது.